புனித பேட்ரிக் தின விருந்து: ஆறு நண்பர்களுக்கு ஓர் அயர்லாந்துச் சாப்பாடு

மார்ச் 17 அயர்லாந்தின் பாதுகாவலரான புனித பேட்ரிக்கின் தினம். 1903 முதல் சட்டப்படி பொது விடுமுறை. காலையில் கோயில் பூசை, அப்புறம் ஊர்வலம், மதியம் வீட்டில் எல்லோரும் கூடி ஒரு சாப்பாடு. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் நடுவில் இந்த நாள் வரும். இறைச்சியைத் தள்ளி வைத்திருந்த குடும்பங்கள்கூட அன்று ஒரு நாள் விரதத்தைத் தளர்த்திக்கொண்டு இறைச்சி சமைத்தன. வேகவைத்த பேக்கன் (உப்பில் பதப்படுத்திய பன்றி இறைச்சி), கோஸ், பார்ஸ்லி என்ற மணக்கீரை போட்ட சாஸ், தோலோடு வெந்த உருளைக்கிழங்கு. இவைதான் அந்த மேசையின் நடுநாயகம். முன்னால் சோடா ரொட்டியும் உப்பு வெண்ணெயும், முடிவில் ஆப்பிள் டார்ட்.

இதில் மிளகாய் இல்லை, இஞ்சி பூண்டு இல்லை, தாளிப்பு இல்லை. அதனால் சப்பென்று இருக்கும் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இந்தச் சாப்பாட்டின் ருசி முழுவதும் ஒரு பானைத் தண்ணீரில் இருக்கிறது. பேக்கன் வெந்த அதே தண்ணீரில்தான் கோஸ் வேகிறது. அதே தண்ணீரோடு பால் சேர்த்துத்தான் சாஸ் காய்ச்சுகிறார்கள். உப்பும் கொழுப்பும் இறைச்சியின் மணமும் இப்படி ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போவதால் தனித்தனிப் பதார்த்தங்கள் ஒரே சாப்பாடாகச் சேர்கின்றன. அந்தத் தண்ணீரை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் எளிது.

கீழே உள்ள அளவுகள் ஆறு பேருக்கு. சாப்பாடு மதியம் 2 மணிக்கு என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் விருந்தாளிகளைக் கேளுங்கள்

பேக்கன் என்பது பன்றி இறைச்சி. நம் நண்பர் வட்டத்தில் அதைத் தொடாதவர்கள் கட்டாயம் இருப்பார்கள். ஒரு வாரம் முன்பே கேட்டுவிட்டால் அவர்களுக்கும் அயர்லாந்து முறைப்படியே சமைக்கலாம்: ஆட்டிறைச்சி ஸ்டூ இருக்கிறது, சைவம் என்றால் கோல்கானன் இருக்கிறது. இரண்டையும் பின்னால் சொல்கிறேன். கடைசி நேரத்தில் தெரிய வந்தால் அவர்கள் தட்டில் வெறும் கிழங்குதான் மிஞ்சும். அது விருந்து ஆகாது.

இறைச்சி வாங்குவது

காலை உணவுக்குப் பொரிக்கிற மெல்லிய துண்டுகள் அடைத்த பாக்கெட் இதற்கு உதவாது. உப்பில் பதப்படுத்திய, ஆனால் வேகவைக்காத முழுத் துண்டு வேண்டும். 2 கிலோ வாங்குங்கள். அயர்லாந்து, பிரிட்டன் கசாப்புக் கடைகளில் இது கழுத்துப் பக்கத்திலிருந்தோ (காலர்), முதுகிலிருந்தோ (லாயின்), தொடையிலிருந்தோ (கேமன்) கிடைக்கும். என் தேர்வு காலர்தான். விலையும் குறைவு, கொழுப்பு இழைகள் உள்ளே ஓடுவதால் வெந்த பிறகும் ஈரமாக இருக்கும். லாயின் பார்க்க அழகு, அழகாக வெட்டவும் வரும். ஆனால் பத்து நிமிடம் கூடுதலாக வெந்தால் வறண்டுவிடும். புகையூட்டாத வகையாகக் கேட்டு வாங்குங்கள். புகையூட்டியது கோஸின் ருசியை அமுக்கிவிடும்.

சென்னையிலோ கொழும்பிலோ இப்படிப்பட்ட துண்டு கிடைப்பது கஷ்டம். அப்படியானால் வீட்டிலேயே உப்பில் ஊறப்போடலாம். 3 லிட்டர் தண்ணீரில் 250 கிராம் உப்பு, 100 கிராம் நாட்டுச் சர்க்கரை, ஒரு கரண்டி மிளகு போட்டுக் கொதிக்கவைத்து முழுவதும் ஆறவிடுங்கள். எலும்பு நீக்கிய 2 கிலோ பன்றித் தோள்கறியை அதில் முழுகும்படி வைத்து, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து, மூன்று நாள் குளிர்சாதனப் பெட்டியில் விடுங்கள். வெளியே வைக்கவே கூடாது. கடையில் விற்கும் துண்டில் பதப்படுத்தும் உப்பு சேர்ந்திருப்பதால் வெந்த பிறகும் இளஞ்சிவப்பாக இருக்கும். வீட்டில் செய்தது சாம்பல் நிறமாக வரும். நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ருசி கிட்டத்தட்ட அதேதான்.

அமெரிக்காவில் இருப்பவர்கள் ‘இந்த நாளுக்குச் சமைப்பது கார்ன்ட் பீஃப் (உப்பிட்ட மாட்டிறைச்சி) அல்லவா?’ என்று கேட்பார்கள். அங்கே அப்படித்தான். அயர்லாந்தின் கார்க் துறைமுகம் ஒரு காலத்தில் உப்பிட்ட மாட்டிறைச்சியைப் பெருமளவில் ஏற்றுமதி செய்தது. ஆனால் உள்ளூர் ஏழைகளுக்கு மாட்டிறைச்சி எட்டாத விலை. அவர்கள் வீட்டுக் கொல்லையில் வளர்த்தது பன்றி. 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரில் கருகல் நோய் விழுந்தது. அன்றைய ஏழைகள் பெரும்பாலும் லம்பர் என்ற ஒரே வகைக் கிழங்கை நம்பியிருந்தார்கள். அடுத்தடுத்து வந்த பஞ்ச ஆண்டுகளில் சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நாட்டை விட்டே போனார்கள். நியூயார்க்கில் குடியேறியவர்களுக்கு ஊரில் தின்ற பேக்கன் விலை கட்டுப்படியாகவில்லை. அக்கம்பக்கத்து யூதக் கசாப்புக் கடைகளில் உப்பிட்ட மாட்டு நெஞ்சுக்கறி மலிவாகக் கிடைத்தது. கோஸோடு அதைச் சேர்த்து வேகவைத்தார்கள். அது புலம்பெயர்ந்தவர்களின் சாப்பாடு, அதற்கும் முழு மரியாதை உண்டு. நீங்கள் அதைச் செய்வதாக இருந்தாலும் இங்கே சொல்லும் முறையே செல்லும். வேகும் நேரத்தை மட்டும் மூன்று மணி நேரமாக்குங்கள்.

உருளைக்கிழங்கில் சமாதானம் வேண்டாம்

ஆறு பேருக்கு 2 கிலோ. அதிகம் என்று தோன்றும், மிஞ்சாது. வெந்தால் மாவாக உதிரும் வகைதான் வேண்டும். அயர்லாந்தில் ரூஸ்டர், கெர்ஸ் பிங்க், கோல்டன் வொண்டர் ஆகிய மூன்றும் அப்படி. பிரிட்டனில் மாரிஸ் பைப்பர். வெந்ததும் தோல் வெடித்து உள்ளே வெள்ளையாகப் பூத்து நிற்கும். மெழுகுபோல் கெட்டியாக இருக்கும் சாலட் கிழங்கை வாங்கினால் சாஸை உறிஞ்சாது. தட்டில் சாஸ் ஒரு பக்கம் கிழங்கு ஒரு பக்கம் என்று கிடக்கும். ஊரில் சந்தையில் வாங்கும்போது, விரலால் தேய்த்தாலே தோல் உரியும் புதுக் கிழங்கைத் தவிர்த்து, தோல் முற்றிய பழைய கிழங்காகப் பார்த்து எடுங்கள். எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும். அப்போதுதான் ஒரே நேரத்தில் வேகும்.

மற்றவை: நடுத்தர அளவில் இரண்டு கோஸ். மார்ச் மாதத்தில் அயர்லாந்தில் கூம்பு வடிவில் வரும் வசந்தகாலக் கோஸ் கிடைக்கும், அதற்கு இணை இல்லை. இல்லையென்றால் இலை சுருண்ட சவாய். நம் ஊர் வெள்ளைக் கோஸ் என்றால் வெளிப்புறப் பச்சை இலைகள் அதிகமாக இருப்பதாக எடுங்கள். சுருட்டை இலைப் பார்ஸ்லி ஒரு பெரிய கட்டு. உப்பு சேர்த்த வெண்ணெய் 500 கிராம். ரொட்டிக்கும் கிழங்குக்கும் சாஸுக்கும் டார்ட்டுக்கும் எல்லாவற்றுக்கும் போகும், குறைக்காதீர்கள். முதல் தட்டுக்கு, கிடைத்தால், புகையூட்டிய சால்மன் மீன் 300 கிராமும் ஓர் எலுமிச்சையும்.

முந்தின நாள்

இறைச்சியைப் பெரிய பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் ஊறவிடுங்கள். வீட்டில் உப்புப் போட்டது என்றால் இரண்டு மணி நேரம் போதும்.

ஆப்பிள் டார்ட்டை அன்றே செய்துவிடலாம். மறுநாள் அடுப்பு (ஓவன்) ரொட்டிக்குத் தேவைப்படும், உங்கள் கவனமும் வேறு பக்கம் இருக்கும். 250 கிராம் மைதாவில் 125 கிராம் குளிர்ந்த வெண்ணெயை விரல் நுனியால் தேய்த்துத் தேய்த்து ரொட்டித் தூள் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு கரண்டி சர்க்கரை, ஒரு முட்டை, இரண்டு மூன்று கரண்டி ஐஸ் தண்ணீர் சேர்த்துப் பிசையாமல் ஒன்றுகூட்டுங்கள். அரை மணி நேரம் குளிரில் வைத்துப் பிறகு இரண்டாகப் பிரித்துத் தேயுங்கள். அயர்லாந்து வீடுகளில் இதைத் தனி அச்சில் சுடுவதில்லை. அடுப்பைத் தாங்கும் ஒரு எனாமல் தட்டிலேயே சுடுவார்கள். தட்டில் ஒரு வட்டத்தை விரித்து, அதன் மேல் தோல் சீவி நறுக்கிய 700 கிராம் புளிப்பு ஆப்பிளைக் குவித்து, 120 கிராம் சர்க்கரை தூவுங்கள். அப்புறம் மூன்று கிராம்பு, அங்கொன்று இங்கொன்றாக. கிராம்பு அங்குள்ள டார்ட்டின் அடையாளம். பட்டையைப் போட்டு மாற்றாதீர்கள். மேல் வட்டத்தால் மூடி, ஓரத்தை ஈரம் தொட்டு அழுத்தி, நடுவில் ஆவி போக ஒரு கீறல். 190 டிகிரியில் 40 முதல் 45 நிமிடம்.

அங்கே பயன்படுத்துவது பிராம்லி என்ற சமையல் ஆப்பிள். வெந்தால் கூழாகக் குழைந்துவிடும், புளிப்பும் தூக்கலாக இருக்கும். அது இல்லாவிட்டால் பச்சை ஆப்பிளோடு அரை எலுமிச்சைச் சாறு சேர்த்துக்கொள்ளுங்கள். சிவப்பு ஆப்பிள் இனிப்போடு இனிப்பாகத் திகட்டிவிடும்.

பானை: 11 மணி

ஊறிய இறைச்சியை எடுத்து, புதிய குளிர்ந்த தண்ணீரில் போட்டு அடுப்பில் வையுங்கள். கொதி வரும்போது மேலே வெள்ளை நுரை திரளும். உப்பு அதிகம் என்றால் நுரையும் அதிகம். அந்தத் தண்ணீரை முழுவதும் கொட்டிவிடுங்கள். நுரை நிறைய வந்திருந்தால் இன்னொரு முறையும் இதையே செய்யுங்கள். இந்த ஒரு வேலையைத் தாண்டிப் போனால், அந்த உப்பு கோஸுக்கும் சாஸுக்கும் போய் மூன்றையும் கெடுக்கும். பிறகு திருத்த வழியில்லை.

இப்போது இறைச்சி முழுகும் அளவுக்குச் சுடுதண்ணீர் ஊற்றி, பாதியாக வெட்டிய ஒரு வெங்காயம், ஒரு கேரட், பத்து மிளகு, இரண்டு பே இலை போடுங்கள். நம் பிரிஞ்சி இலை இதற்கு மாற்று ஆகாது. அதில் பட்டை மணம் அடிக்கும். பே இலை இல்லாவிட்டால் விட்டுவிடலாம். உப்புச் சேர்க்காதீர்கள்.

11.30 வாக்கில் தண்ணீர் இளங்கொதிக்கு வந்திருக்க வேண்டும். அங்கிருந்து கணக்கு: 500 கிராமுக்கு 25 நிமிடம், அதோடு கூடுதலாக 20 நிமிடம். 2 கிலோவுக்கு இரண்டு மணி நேரம். பானையில் தளதளவென்று கொதிக்கக் கூடாது; அங்கங்கே ஒரு குமிழி மட்டும் மேலே வர வேண்டும். வேகமாகக் கொதித்தால் இறைச்சி நார்நாராகி இறுகும், தண்ணீரும் கலங்கும். மூடியைச் சற்றே திறந்து வைத்து சிம்மில் விடுங்கள். பிரஷர் குக்கரில் சீக்கிரம் முடிக்கலாமே என்று தோன்றும். இறைச்சி வெந்துவிடும், ஆனால் வழவழப்பாக வெட்ட வராமல் உதிரும். நமக்கு வேண்டிய தெளிந்த தண்ணீரும் கிடைக்காது. இந்த இரண்டு மணி நேரத்தை அதற்குக் கொடுத்துவிடுங்கள்.

சோடா ரொட்டி: 11.45

பேக்கன் வேகும் நேரத்தில் ரொட்டி. அயர்லாந்தில் விளையும் கோதுமை மென்மையானது, ஈஸ்ட் போட்டு உப்பவைக்கத் தேவையான பசைத்தன்மை குறைவு. 1830களில் சோடா உப்பு பரவலாகக் கைக்கு வந்தபோது, வெண்ணெய் கடைந்து மிஞ்சிய மோரோடு அதைச் சேர்த்துச் சுடத் தொடங்கினார்கள். மோரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து வாயுவை உண்டாக்கும், மாவு உப்பும். பழைய வீடுகளில் பாஸ்டிபிள் என்ற கனமான இரும்புப் பானையில் வைத்து, மூடியின் மேலும் தணலைப் பரப்பிச் சுட்டார்கள்.

அடுப்பை 220 டிகிரிக்குச் சூடாக்குங்கள். இது முதலில் நடக்க வேண்டும், காரணம் பின்னால் வருகிறது. கொரகொரப்பான முழுக்கோதுமை மாவு 225 கிராம், மைதா 225 கிராம், உப்பு ஒரு தேக்கரண்டி, சோடா உப்பு தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. சோடாவைச் சலித்தே போடுங்கள். கட்டியாகத் தங்கினால் அந்த இடத்தில் ரொட்டி மஞ்சளாகி, சோப்பு வாடை அடிக்கும். நம் சப்பாத்தி மாவு மிக நைசாக இருக்கும், அதனால் அதில் 30 கிராமை எடுத்துவிட்டுப் பதிலாகக் கோதுமைத் தவிடு சேருங்கள்.

நடுவில் குழி செய்து 400 மில்லி மோர் ஊற்றுங்கள். அயர்லாந்தில் கடையில் விற்கும் மோர் கெட்டியாக இருக்கும். வீட்டில் 250 மில்லி புளித்த தயிரில் 150 மில்லி பால் விட்டுக் கடைந்தால் அதே பதம் வரும். நாம் குடிக்கிற நீர்மோர் இதற்குத் தண்ணி. விரல்களை விரித்து விறைப்பாக வைத்துக்கொண்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுற்றிச் சுற்றிக் கலக்குங்கள். மாவு ஒன்று சேர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். சப்பாத்திக்குப் பிசைந்து பழகிய கை இங்கேதான் அடங்க வேண்டும். பிசைந்தால் ரொட்டி கல்லாகிவிடும். மாவு தொட்டால் ஒட்டும் பதத்தில், ஈரமாகவே இருக்கட்டும்.

மாவு தூவிய பலகையில் போட்டு 4 சென்டிமீட்டர் உயரத்துக்கு வட்டமாகத் தட்டி, கத்தியால் மேலே ஆழமாகச் சிலுவைக் குறி வெட்டுங்கள். தேவதைகள் வெளியே போவதற்கு அந்த வெட்டு என்பார்கள். நடுப்பகுதிக்குச் சூடு சரியாகப் போய்ச் சேரவும் அதுதான் வழி. உடனே அடுப்புக்குள் வைத்துவிடுங்கள். மோர் பட்ட கணத்திலேயே வாயு கிளம்பிவிடும். அடுப்பு சூடாகக் காத்திருந்தால் அத்தனையும் வீணாகப் போகும். 15 நிமிடம் கழித்துச் சூட்டை 200 டிகிரிக்குக் குறைத்து இன்னும் 25 முதல் 30 நிமிடம். கவிழ்த்து அடியில் தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் சத்தம் வர வேண்டும். மேல்தோல் மென்மையாக வேண்டுமென்றால் சுத்தமான துணியில் சுற்றி ஆறவிடுங்கள். அன்றே சாப்பிட வேண்டிய ரொட்டி இது.

வீட்டில் ஓவன் இல்லையா? வட அயர்லாந்தில் இதே மாவை, மைதாவில் மட்டும் செய்து, வட்டமாகத் தட்டி, நான்காக வெட்டி இரும்புக் கல்லில் சுடுகிறார்கள். ஃபார்ல் என்று பெயர். நம் கனமான தோசைக்கல் இதற்கு மிகப் பொருத்தம். எண்ணெய் வேண்டாம், கல்லில் கொஞ்சம் மாவைத் தூவி, மிதமான தீயில் ஒரு பக்கத்துக்கு எட்டு முதல் பத்து நிமிடம். ஓரங்களையும் கல்லில் நிறுத்திச் சுட்டுவிடுங்கள்.

கடைசி முக்கால் மணி நேரம்

1.15-க்குக் கிழங்கு. தோல் சீவாமல் கழுவி, குளிர்ந்த தண்ணீரில் நிறைய உப்புப் போட்டு ஏற்றுங்கள். கத்தி பாதி தூரம் இறங்கும்போது, அதாவது கொதித்துப் பதினைந்து நிமிடத்தில், தண்ணீரை வடித்து அடியில் இரண்டு சென்டிமீட்டர் மட்டும் விடுங்கள். மேலே ஒரு துணியைப் போட்டு, மூடி, சிறு தீயில் ஆவியிலேயே மீதியை வேகவிடுங்கள். இப்படிச் செய்தால் கிழங்கு தண்ணீர் குடிக்காது. தோல் வெடித்தாலும் உள்ளே கரையாமல் மாவாகவே நிற்கும்.

1.30-க்கு இறைச்சியை எடுங்கள். கம்பி தடையில்லாமல் உள்ளே இறங்கினால் வெந்துவிட்டது. வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு நடுவில் 75 டிகிரி. ஒரு தட்டில் வைத்து ஃபாயில் தாளால் மூடி அரை மணி நேரம் ஓய்வு கொடுங்கள். உடனே வெட்டினால் சாறு முழுவதும் பலகையில் ஓடிவிடும். மேல்தோலை இப்போது உரித்துவிடலாம். சூட்டில் எளிதாக வரும். கொழுப்பை விட்டுவையுங்கள்.

இப்போது தண்ணீரை ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்துப் பாருங்கள். ரசத்துக்குரிய உப்பு இருந்தால் சரி. அதற்கு மேல் கரித்தால் ஒரு பங்கை எடுத்துவிட்டுச் சுடுதண்ணீர் சேருங்கள். 300 மில்லியை வடிகட்டிச் சாஸுக்குத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதியை முழுக் கொதிக்குக் கொண்டுவாருங்கள்.

சாஸ்: 50 கிராம் வெண்ணெயை உருக்கி, 50 கிராம் மைதா சேர்த்து, நிறம் மாறாமல் இரண்டு நிமிடம் கிளறுங்கள். 300 மில்லி சூடான பாலையும் எடுத்துவைத்த தண்ணீரையும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டி தட்டாமல் கலக்குங்கள். ஐந்து நிமிடம் சிறு தீயில் வெந்தால் மாவு வாடை போகும். அரைத் தேக்கரண்டி கடுகு விழுதும் வெள்ளை மிளகுத் தூளும் சேர்க்கலாம். உப்பு தேவைப்படாது. பார்ஸ்லியைத் தண்டு நீக்கிப் பொடியாக நறுக்கி, ஒரு கைப்பிடிக்குக் குறையாமல், பரிமாறும் நேரத்தில்தான் போட வேண்டும். முன்பே போட்டால் பச்சை நிறம் செத்துவிடும். சாஸ் பார்க்க வெள்ளையில் பச்சைப் புள்ளிகளாக இல்லாமல், பச்சையாகவே தெரிய வேண்டும். பார்ஸ்லியில் கஞ்சத்தனம் பிடித்தால் வெறும் மாவுக் குழம்பைச் சாப்பிட வேண்டியதுதான்.

1.45-க்குக் கோஸ். தண்டை நீக்கி விரல் அகலத்துக்கு நறுக்கி, கொதிக்கும் பேக்கன் தண்ணீரில் போடுங்கள். ஐந்து முதல் எட்டு நிமிடம், மூடாமல். பழைய தலைமுறை அரை மணி நேரத்துக்கு மேல் வேகவைத்தது. அந்தக் குழைந்த ருசிக்காக ஏங்குகிறவர்கள் இன்றும் உண்டு. எனக்கு இலை பச்சையாக, பல்லில் லேசாகக் கடிபடுவதுதான் பிடிக்கும். நன்றாக வடித்து, இரண்டு தட்டுகளுக்கு இடையில் வைத்து அழுத்தி மீதித் தண்ணீரையும் எடுத்துவிட்டு, ஒரு பெரிய துண்டு வெண்ணெயும் மிளகுத் தூளும் போட்டுப் புரட்டுங்கள். தண்ணீரோடு தட்டுக்குப் போனால் சாஸ் நீர்த்துவிடும்.

பன்றி சாப்பிடாதவர்களுக்கு

ஐரிஷ் ஸ்டூ: மூன்று பேருக்கு எலும்போடு ஆட்டுக் கழுத்துக்கறி 750 கிராம், வெங்காயம் மூன்று, கிழங்கு 750 கிராம், தைம் இரண்டு கொத்து, உப்பு, மிளகு, தண்ணீர். கேரட் போடலாமா கூடாதா என்று அங்கே தீராத வழக்கு உண்டு. போட்டாலும் இரண்டுக்கு மேல் வேண்டாம். அடியில் வில்லைகளாக நறுக்கிய பாதிக் கிழங்கு, மேலே கறி, வெங்காயம், கடைசியில் மீதிக் கிழங்கு முழுசாக. முக்கால் அளவு மூழ்கத் தண்ணீர் ஊற்றி, மூடி, சிறு தீயில் இரண்டு மணி நேரம். அடியில் உள்ள வில்லைகள் கரைந்து குழம்பைக் கெட்டிப்படுத்தும், மேலே உள்ளவை ஆவியில் வேகும். கறியை முதலில் வதக்குவதில்லை. வெளிறிய நிறம்தான் இதன் நிறம். நம் ஊர் வெள்ளாட்டுக்கறி என்றால் கறியை மட்டும் முதலில் முக்கால் பதம் வேகவைத்துக்கொண்டு பிறகு அடுக்குங்கள். இதை முந்தின நாளே செய்து வைக்கலாம், மறுநாள் ருசி கூடத்தான் செய்யும்.

கோல்கானன்: சைவ நண்பர்களுக்கு. 1 கிலோ கிழங்கை வேகவைத்துச் சூட்டோடு தோல் உரித்து மசியுங்கள். 200 மில்லி பாலில் நறுக்கிய வெங்காயத்தாளைப் போட்டுக் கொதிக்கவைத்து அதில் ஊற்றுங்கள். உப்புத் தண்ணீரில் தனியாக வேகவைத்துப் பிழிந்து பொடியாக நறுக்கிய 250 கிராம் கேல் கீரை அல்லது கோஸ், 50 கிராம் வெண்ணெய் சேர்த்துக் கிளறுங்கள். தட்டில் குவித்து, நடுவில் குழி செய்து, இன்னொரு துண்டு வெண்ணெயை அதில் உருகவிட வேண்டும். ஓரத்திலிருந்து எடுத்து அந்த வெண்ணெயில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். ஹாலோவீன் இரவில் இதற்குள் மோதிரமும் காசும் ஒளித்து வைப்பது அங்கே பழைய வழக்கம். மோதிரம் கிடைத்தவருக்கு அடுத்து கல்யாணம். சாஸும் இவர்களுக்குத் தனியாக, முழுக்கப் பாலில் காய்ச்சுங்கள். பேக்கன் தண்ணீர் பட்ட கரண்டி அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பரிமாறுவது

முதலில் ரொட்டியைத் தடிமனாக வெட்டி, வெண்ணெயைத் தாராளமாகத் தடவி, மேலே சால்மன், ஒரு துளி எலுமிச்சைச் சாறு. இதை நின்றுகொண்டே சாப்பிடலாம். நீங்கள் கோஸ் வடிக்கும் நேரத்துக்குச் சரியாக இருக்கும்.

பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் மேசைக்கு வர வேண்டும். பேக்கனை நாருக்குக் குறுக்காக அரை சென்டிமீட்டர் தடிமனில் வெட்டி நீளத் தட்டில் கோஸின் மேல் அடுக்குங்கள். கிழங்கு தோலோடு ஒரு பெரிய கிண்ணத்தில், சாஸ் ஒரு ஜாடியில், வெண்ணெய் தனியாக. ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஒரு சிறு தட்டு வையுங்கள்; கிழங்குத் தோலை உரித்துப் போட அது வேண்டும். தட்டுகளை முன்பே ஓவனில் சூடாக்கி வைத்தால் நல்லது, சாஸ் சீக்கிரம் ஆறிவிடும். கடுகு விழுது வைக்கலாம். ஊறுகாய் கேட்பவர் இருந்தால் முதல் தட்டு வரைக்கும் பொறுக்கச் சொல்லுங்கள்.

டார்ட்டை லேசாகச் சூடாக்கி, அடித்த கிரீமோடு கொடுங்கள்.

காபியும் டீயும்

ஐரிஷ் காபி 1940களின் தொடக்கத்தில் லிமெரிக் மாவட்டத்தின் ஃபொயின்ஸ் என்ற இடத்தில் பிறந்தது. அட்லாண்டிக்கைக் கடக்கும் நீர்விமானங்கள் அங்கே இறங்கின. குளிரில் நடுங்கி வந்த பயணிகளுக்கு அங்கிருந்த சமையல்காரர் ஜோ ஷெரிடன் காபியில் விஸ்கி சேர்த்துக் கொடுத்தார். 1952-இல் அது சான் பிரான்சிஸ்கோவின் புவெனா விஸ்டா கஃபே வழியாக அமெரிக்காவில் பரவியது.

கண்ணாடிக் கோப்பையைச் சுடுதண்ணீரால் சூடாக்கிக் கொட்டிவிட்டு, இரண்டு தேக்கரண்டி பழுப்புச் சர்க்கரை, 35 மில்லி ஐரிஷ் விஸ்கி, 150 மில்லி சூடான கடுங்காபி ஊற்றிச் சர்க்கரை கரையும் வரை கலக்குங்கள். சர்க்கரையை விட்டுவிடாதீர்கள், காபி அடர்த்தியானால்தான் மேலே கிரீம் மிதக்கும். கிரீம் 35 சதவீதமாவது கொழுப்புள்ளதாக இருக்க வேண்டும். இந்தியக் கடைகளில் சிறு பெட்டியில் வரும் 25 சதவீதக் கிரீம் அடித்தாலும் திரளாது. கரண்டியிலிருந்து மெதுவாக வழியும் பதம் வரை மட்டும் அடித்து, கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து அதன் முதுகில் ஊற்றுங்கள். பிறகு கலக்கக் கூடாது. குளிர்ந்த கிரீம் வழியாகச் சூடான காபி வாய்க்கு வருவதுதான் இதன் சுகம்.

மது வேண்டாதவர்களுக்கு டீ. அது குறைந்த உபசாரம் என்று யாரும் நினைக்க மாட்டார்கள், அயர்லாந்துக்காரர்கள் டீ குடிப்பதில் உலகின் முன்வரிசையில் இருப்பவர்கள். பால் விட்டு, நன்றாகக் கடுப்பாக.

மிஞ்சியது

பேக்கன் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். ஆறியதும் குளிரில் வைத்தால் கொழுப்பு மேலே உறையும், அதை எடுத்துவிடலாம். மறுநாள் ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து, உடைத்த பச்சைப் பட்டாணி 300 கிராம், ஒரு வெங்காயம், ஒரு கேரட் போட்டு ஒரு மணி நேரம் குழைய வேகவையுங்கள். மிஞ்சிய பேக்கனைச் சிறு துண்டுகளாக்கிக் கடைசியில் சேர்த்தால் அருமையான சூப். மிஞ்சிய கிழங்கையும் கோஸையும் ஒன்றாக மசித்து, வட்டமாகத் தட்டி வெண்ணெயில் இரண்டு பக்கமும் முறுகப் பொரித்து, மேலே ஒரு முட்டை. ரொட்டி மிஞ்சியிருந்தால் வாட்டி, இந்தச் சூப்போடு.